அழ ஆள் உள்ளவரை

குலேந்திரனுக்கு இங்கிலாந்தில் ஒரு கல்லறை இருந்தது. குலேந்திரனோ டென்மார்க்கின் ஹ்விடோவ்ரேயில், மூன்றாம் மாடி வீட்டுக் குசினியில், சம்பலோடு இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த இரண்டும் ஒருசேர நடக்கத் தொடங்கி முப்பத்தாறு வருடம். விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: குலேந்திரனும், அவருடைய மனைவி செல்வமலரும். கல்லில் இருந்தது குலேந்திரனின் பெயர். கல்லுக்குக் கீழே இருந்தது செல்வமலரின் தமையன் ஞானசோதி.

அன்றைக்கு லண்டனிலிருந்து கடிதம் வந்தது. டென்மார்க்கில் கடிதம் என்ற சாமானே வழக்கொழிந்து போய்க்கொண்டிருந்த காலம். அரசாங்கம் கொடுக்கிற நல்லதும் கெட்டதும் கணினிப் பெட்டிக்குள்தான் வந்து விழும். அதனால் கீழ்வீட்டுக் கிழவி கீர்ஸ்டன், தன் கதவுக்குள் தவறி விழுந்த அந்த உறையைக் கல்யாண அழைப்பிதழ் போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்து கொடுத்தாள். கீர்ஸ்டன் நல்ல மனுசி. கதவில் ஒட்டியிருக்கும் பெயர்களை எழுத்துக்கூட்டி வாசித்து, குலேந்திரனைக் காணும்போதெல்லாம் முழுப் பெயரையும் சொல்லி வணக்கம் வைப்பவள்.

செல்வமலர் உறையைப் பிரித்தாள். இரண்டு பக்கம் இங்கிலிஷ். முதியோர் இல்லத்தில் முப்பது வருடம் டேனிஷ் பேசி அவளுடைய இங்கிலிஷ் துருப்பிடித்திருந்தது. ஆனாலும் அண்ணன் கிடக்கிற துறைமுகப் பட்டினத்தின் பெயர் கண்ணில் பட்டுவிட்டது.

"இஞ்சேருங்கோ, அண்ணான்ர இடத்தைப் பற்றி எழுதியிருக்கு" என்றாள்.

குலேந்திரன் இடியப்பத்தைச் சாப்பாட்டுக் கோப்பையிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்தார்.

கடிதம் என்ன சொன்னது என்பதற்கு முன், கல்லில் பெயர் மாறிய கதையைச் சொல்லிவிட வேண்டும். எண்பத்தைந்தில் டென்மார்க்குக்கு வந்து இறங்கிய குலேந்திரன், "ஏஜென்சிக்காரன் பாஸ்போட்டைப் பறிச்சுப்போட்டான்" என்று பொலிசுக்குச் சொன்னார். அது பொய். பாஸ்போட்டை நம்பிக்கையான ஒருவர் கையில் கொடுத்து ஊருக்குத் திருப்பி அனுப்பியிருந்தார். அந்தக் காலத்தில் ஒரு பாஸ்போட்டில் நாலு பேர் கரை சேர்வார்கள். முதல் ஆளின் படத்தை உரித்து அடுத்தவனின் படத்தை ஒட்டிவிட்டால் போதும். தலைமாற்றின பாஸ்போட் என்று அதற்குப் பெயர். குலேந்திரனின் பாஸ்போட்டில் ஏறிய இரண்டாவது தலை, அவருடைய கூட்டாளி ஞானசோதி என்ற சோதியுடையது. சோதி ஒரு சரக்குக் கப்பலில் ஏறினான். நடுவழியில் சளிக்காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டது. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுகத்தில் அவனை இறக்கினார்கள். மூன்றாம் நாள் செத்துப்போனான். இருபத்தாறு வயது. சட்டைப்பையில் இருந்த பாஸ்போட்டின்படி செத்தது குலேந்திரன்.

கேட்பாரற்ற அந்தப் பிணத்தை யார் பொறுப்பேற்பது என்று ஊராட்சியும் துறைமுகமும் கப்பல்காரரும் பந்து விளையாடினார்கள். அப்போது அந்த ஊர்க் கிழட்டுப் பாதிரியார் பழைய பேரேடுகளைக் கிளறி ஒரு சட்டத்தை எடுத்துக்கொண்டு வந்தார். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்துமூன்றாம் ஆண்டுச் சட்டம். கப்பலில் வந்து இந்தத் துறைமுகத்தில் சாகிற அந்நியன் எவனாயினும், அவனுக்குத் திருச்சபை நிலம் கொடுக்க வேண்டும். அங்கே கிடப்பவர்களில் ஒருவனுக்காவது அழ உறவு உள்ளவரை அந்த நிலத்தை விற்கவோ அதன் மேல் கட்டவோ கூடாது. கடைசியாக அங்கே ஒருவரைப் புதைத்தது ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினொன்றில். எழுபத்தைந்து வருடம் செத்துக் கிடந்த சட்டம் எழுந்து வந்து, செத்துக் கிடந்த சோதியை வாங்கிக்கொண்டது. மனிதர்கள் செய்யாததை அந்தப் பழைய காகிதம் செய்தது என்று செல்வமலர் பிறகு பலமுறை நினைத்திருக்கிறாள்.

இறந்தவனின் பையில் ஒரு விலாசமும் இருந்தது. பெயர் கிடையாது, ஓகூஸ் பக்கத்து அகதி முகாம், அறை பதினான்கு, அவ்வளவுதான். பாதிரியார் அந்த அறைக்கு எழுதினார். குலேந்திரன் கட்டிலில் இருந்தபடி, தான் இன்ன தேதியில் காலமாகி இன்ன இடத்தில் அடக்கம் செய்யப்பட்டதை வாசித்தார். அழுதார். பிறகு பயந்தார். பாஸ்போட்டைப் பற்றிச் சொன்ன பொய் வெளியே வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று, கடிதத்தை அன்றைக்கே எரித்தார். செத்தவன் குலேந்திரன் இல்லை என்று காட்டக்கூடிய ஒரே காகிதம் அதுதான்.

இரண்டு வருடம் கழித்து, சோதிக்குக் கொடுத்த வாக்குப்படி அவனுடைய தங்கை செல்வமலரைக் கூப்பிட்டுக் கல்யாணம் செய்தார். கல்யாணமாகி மூன்றாம் வாரம் விஷயத்தைச் சொன்னார். செல்வமலர் தாய்க்குச் சொல்லவில்லை. தொலைபேசியில் சொன்னால் ஊர் முழுக்கத் தெரியும், ஊருக்குத் தெரிந்தால் இங்கே பொலிசுக்குத் தெரியும் என்று பயம். சோதியை ஆமி பிடித்திருக்கும், ஒருநாள் விட்டுவிடும் என்று நம்பியபடியே தாய் போய்ச் சேர்ந்தாள். எட்டாம் நாள் செலவு இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இல்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு யார் அந்தியேட்டி செய்வார்கள்?

டேனிஷ் குடியுரிமை கிடைத்த தொண்ணூற்று நாலில் அவள் முதன்முதலாக அங்கே போனாள். கல்லில் தன் புருசனின் பெயரைக் கண்டாள். கழுத்தில் தாலி கிடந்தது. நெற்றியில் பொட்டு இருந்தது. அவளுக்குத் தலை சுற்றியது. கொண்டுபோன செவ்வந்திப் பூக்களை அந்தப் பெயர் தெரியாதபடி கல்லின் மேல் பரப்பினாள். பிறகுதான் அண்ணனைப் பார்க்க முடிந்தது. அதுவே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு கார்த்திகையிலும் போவாள். முதலில் கப்பலில், கப்பலை நிறுத்திய பிறகு விமானத்தில். போனதும் பூவால் பெயரை மூடுவாள். சத்தமாக அழமாட்டாள். யாராவது கேட்டால் என்ன சொல்வது?

ஒருமுறை கேட்கவும் கேட்டார்கள். அந்தப் பாதிரியார்தான். தேத்தண்ணி கொடுத்து, "இவர் உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார்.

"ஊர்க்காரர்" என்றாள் செல்வமலர்.

சொந்த அண்ணனை ஊர்க்காரன் ஆக்கினாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவள் அந்தக் கனத்தைக் கல்லறை வரைக்கும் சுமந்துகொண்டு போனாள். பாதிரியார் மேற்கொண்டு கேட்கவில்லை. வருகையாளர் புத்தகத்தை நீட்டினார். பெயரும் விலாசமும் எழுதினாள். ஐந்து வருடத்தில் அவரும் செத்துப்போனார்.

இப்போது வந்த கடிதம் அந்தப் புத்தகத்தின் புண்ணியம். மகள் மிதுஷா சனிக்கிழமை வந்து அதை வாசித்துச் சொன்னாள். லண்டனில் ஓர் அலுவலகம், பயனற்றுப்போன சட்டங்களைத் தேடிப் பிடித்து, மொத்தமாக நீக்க ஒரு மசோதா தயாரிக்கிறது. ஓடாத ரயில்களுக்கான சட்டம், இடிந்த பாலத்துக்கான சட்டம் என்று நூற்றுக்கணக்கில் பட்டியல். அதில் அந்த அந்நியர் நிலச் சட்டமும் ஒன்று. பயன் இல்லை, அழுபவர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை. நீக்கினால் ஊராட்சி அந்த இடத்தில் கார் நிறுத்துமிடம் அமைக்கும். ஆட்சேபம் உண்டானால் ஆனி முடிவதற்குள் படிவத்தை நிரப்பி அனுப்பவும். அடக்கம் செய்யப்பட்டவர் யார், உங்களுக்கு என்ன உறவு, அதற்கு என்ன சான்று.

வாசித்துக்கொண்டு வந்த மிதுஷா இணைப்பில் இருந்த பெயரைக் கண்டதும் நிறுத்தினாள்.

"ஏன் அப்பாவின் பெயர் இதில் இருக்கிறது?" என்று டேனிஷில் கேட்டாள்.

சொன்னார்கள். முப்பத்தொரு வயது மகளுக்கு, அவள் பிறப்பதற்கு முன்னால் நடந்த கதையை, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர்ந்து சொல்லி முடித்தார்கள். மிதுஷா முதலில் சிரித்தாள். பிறகு கோபப்பட்டாள். அவளுக்குக் கொம்யூன் எனும் நகரசபை அலுவலகத்தில், மனுக்களோடு வரும் சான்றிதழ்களைச் சரிபார்க்கிற வேலை.

"நான் அங்கே இருந்து மற்றவர்களின் பொய்யைப் பிடிக்கிறேன். என் வீட்டில் என்னடா என்றால் கல்லில் வெட்டி வைத்திருக்கிறீர்கள்."

"பிள்ளை, அண்டைக்கு எல்லாரும் அப்பிடித்தான் வந்தது" என்றார் குலேந்திரன்.

"தங்கச்சி எண்டு எழுதப்போறன்" என்றாள் செல்வமலர். "அதுதானே உண்மை."

"எதை வைத்து?" என்றாள் மகள். "அந்தக் கல்லில் இருக்கும் ஆளுக்கும் உங்களுக்கும் தங்கை என்று ஒரு துண்டுக் காகிதம் இருக்கிறதா? இருந்தாலும், அந்தப் பாஸ்போட் எப்படி அங்கே போனது என்று கேட்பார்கள். அப்பாவின் குடியுரிமையைத் தோண்டுவார்கள். எழுதாதீர்கள்."

அப்புறம் மிதுஷாவே, பிடிக்காத வேலையைச் செய்பவள் போலச் சொன்னாள்: "மனைவி என்பதற்குத்தான் காகிதம் இருக்கிறது."

இருந்தது. ஹ்விடோவ்ரே நகரமண்டபம் கொடுத்த கல்யாணச் சான்றிதழ். மாப்பிள்ளை குலேந்திரன், பெண் செல்வமலர். கல்லில் உள்ள பெயர் ஓர் எழுத்துப் பிசகாமல் அதில் இருந்தது. விதவை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"எழுதும்" என்றார் குலேந்திரன். "கல்லிலயே வெட்டிக் கிடக்கு, உம்மட எழுத்தாலயோ சாகப்போறன்? சோதிக்கு நான் செய்யாமல் விட்டதுக்கு இது காணாது."

செல்வமலர் பேனாவை எடுத்தாள், வைத்தாள். மூன்று நாள் அந்தப் படிவம் மேசையில் கிடந்தது. புருசன் பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, அவர் இல்லை என்று தன் கையால் எழுத அவளால் முடியவில்லை. படித்தவர்கள் மூடநம்பிக்கை என்பார்கள். சொல்லட்டும். அவர்கள் யாரும் தங்கள் புருசனின் கல்லறையில் பூ வைத்தவர்கள் இல்லை.

கடைசியில் கடிதத்தில் இருந்த இலக்கத்துக்கு அழைத்தாள். எடுத்தவன் பெயர் ஸ்ரிபன். குரலை வைத்துப் பார்த்தால் இளம் வயது. பொறுமையாகக் கேட்டான்.

"அம்மணி, அந்தச் சட்டத்தில் அழுபவர் பற்றிய வரி இல்லாவிட்டால் நாங்கள் உங்களைத் தேடியே இருக்க மாட்டோம். உறவு ஒருவர் இருக்கிறார் என்று காட்டினால் போதும், பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம். எங்களுக்கும் அது சந்தோஷம்தான்."

"மனிசி எண்டால் காணுமோ?" என்று தன் இங்கிலிஷில் கேட்டாள்.

"தாராளமாக. நீங்கள் குலேந்திரனின் மனைவியா?"

அவள் குசினிப் பக்கம் பார்த்தாள். குலேந்திரன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றாள். "நான் குலேந்திரன்ர மனிசிதான்."

அது முழு உண்மை. படிவத்திலும் அப்படியே எழுதினாள்: மனைவி. விதவை என்ற பெட்டியில் கோடு போடவில்லை. சான்றிதழின் பிரதியை இணைத்தாள். பொய் சொல்லாமல் அண்ணனைக் காப்பாற்றிவிட்டோம் என்று அன்றைக்கு அவளுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. குலேந்திரன் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். "செத்தவனுக்குப் பசி கூட" என்று தானே சொல்லிக்கொண்டார்.

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது. ஆவணி மாதம் ஸ்ரிபனின் பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். பதிவேட்டின்படி திரு. குலேந்திரன் ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தாறு நவம்பரில் காலமானார். உங்கள் திருமணமோ எண்பத்தெட்டு மே மாதத்தில் நடந்திருக்கிறது. எங்கோ எழுத்துப் பிழை நேர்ந்திருக்கலாம், தயவுசெய்து விளக்கவும்.

செத்து இரண்டு வருடம் கழித்து மாப்பிள்ளை மோதிரம் மாற்றியிருந்தார். அனுப்புமுன் அந்தப் பிரதியை, சான்றிதழ்களில் தேதிப் பிழை பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட மிதுஷா பார்த்தாள். குலேந்திரன் பார்த்தார். வருடாவருடம் அந்தக் கல்லையும் அந்தக் கல்யாண நாளையும் தவறாமல் நினைக்கிற செல்வமலர் பார்த்தாள். ஒருவர் கண்ணிலும் படவில்லை. அவர்களுக்குக் குலேந்திரன் சாகவில்லை அல்லவா, பிறகு செத்த தேதி எப்படிக் கண்ணில் படும்?

மிதுஷா தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். "இப்போது இது பொய்ச் சான்று" என்றாள் டேனிஷில். "அம்மாவின் கையெழுத்தோடு."

குலேந்திரன் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"கொம்பியூட்டரை எடு பிள்ளை. நான் சொல்லுறன், நீ இங்கிலிசில எழுது. குலேந்திரன் நான்தான். உயிரோட இருக்கிறன். பாஸ்போட்டை நான்தான் திருப்பி அனுப்பினனான். அங்க கிடக்கிறது ஞானசோதி, என்ர கூட்டாளி, இவவின்ர தமையன். எல்லாத்தையும் எழுது."

"அப்பா, இது டேனிஷ் அரசாங்கத்துக்குப் போனால்—"

"போகட்டும். வாறது வரட்டும். எனக்கு அறுபத்துமூண்டு வயசு. அவனுக்கு இருபத்தாறு."

செல்வமலர் தடுக்கவில்லை. முப்பத்துநாலு வருடத் தாம்பத்தியத்தில் அந்த மனிதரை அவள் அவ்வளவு நேசித்த நேரம் வேறு கிடையாது. சோதியின் இளவயதுப் படம் ஒன்றையும் கடிதத்தோடு வைத்தார்கள். படத்தில் அவன் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு குலேந்திரன் தினமும் விடிந்ததும் சவரம் செய்துகொண்டார். பொலிஸ் வந்தால் தாடியோடு போகக் கூடாதாம். வேலை பார்க்கும் களஞ்சியத்தில் பாரம் தூக்கும் வண்டியை ஓட்டும்போதும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாசல் மணி அடித்தால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். வந்தது பொதிகாரனாக இருக்கும், அல்லது கீர்ஸ்டனாக இருக்கும்.

பொலிஸ் வரவில்லை. யாருமே வரவில்லை. கார்த்திகையில் ஸ்ரிபனின் கடிதம்தான் வந்தது. உண்மையைத் தெரிவித்ததற்கு மனமார்ந்த நன்றி என்று தொடங்கியது. பாஸ்போட் சமாச்சாரம் தங்கள் வேலைக்குச் சம்பந்தமில்லாதது, அதை எவருக்கும் அனுப்பும் எண்ணமும் இல்லை என்றது. இந்த ஒரு வரிக்காகவா ஒரு தாய்க்குச் சொல்லாமல், ஒரு சடங்கு செய்யாமல், பாதிரியாருக்கு வாய் திறக்காமல் இத்தனை வருடம் செத்துச் செத்துப் பிழைத்தோம் என்று செல்வமலருக்கு வயிறு எரிந்தது. பாதிரியார் இருக்கும்போதே சொல்லியிருந்தால் அவர் ஒரு கையெழுத்தில் பதிவைத் திருத்தியிருப்பார். அவர்களுடைய பயம் எந்தக் காலத்திலோ பயனற்றுப் போயிருந்தது. அதை நீக்கத்தான் ஒரு சட்டமும் வரவில்லை.

கடிதம் அதோடு முடியவில்லை. திரு. குலேந்திரன் உயிருடன் இருப்பது உறுதியானதால், எண்பத்தாறாம் ஆண்டுப் பதிவு பிழை என்று நீக்கப்படுகிறது. அங்கே அடக்கம் செய்யப்பட்டவர் யாரென்று காட்டும் ஆவணம் எதுவும் இல்லை. படம் ஆவணமாகாது. எனவே பெயர் தெரிந்த கடைசி அடக்கம் ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினோராம் ஆண்டுடையது. அழ உறவு எவரும் பதிவில் இல்லை.

செல்வமலர் உடனே அழைத்தாள்.

"நான் இருக்கிறன்" என்றாள். "நான் அழுறனே. இப்பவும் அழுதுகொண்டுதான் கதைக்கிறன்."

"கேட்கிறது, அம்மணி" என்றான் ஸ்ரிபன். அவனுடைய குரலும் நன்றாக இல்லை. "ஆனால் நீங்கள் யாருக்காக அழுகிறீர்கள் என்று என்னால் எழுத முடியவில்லையே."

"எலும்பை எடுத்துச் சோதிச்சுப் பாருங்கோ. என்ர ரத்தத்தையும் எடுங்கோ."

"கல்லறையைத் திறக்க அனுமதி வேண்டும். அந்த அனுமதியை நெருங்கிய உறவினர்தான் கேட்கலாம். உறவினர் என்று காட்ட..." அவன் மேலே சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் ஏசியிருக்கலாம். அலுவலகம் லஞ்சம் கேட்டிருந்தால் கொடுத்திருக்கலாம். எல்லோரும் நல்லவர்களாக, எல்லாமே ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அவளால் முட்டிக்கொள்ள ஒரு சுவர்கூட அகப்படவில்லை. மிதுஷா ஒரு வழக்கறிஞரைப் பிடித்துக் கேட்டாள். இங்கிலாந்தில் இன்னொருவரைக் கேட்டாள். இருவரும் கதையை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். கதை அவர்களுக்குப் பிடித்திருந்தது. செய்ய ஒன்றும் இல்லை என்றார்கள்.

மசோதா பாராளுமன்றத்துக்கு வர இன்னும் ஒன்றரை வருடம் பிடித்தது. அன்றைக்கு மிதுஷா வேலையிடத்தில் லீவு சொல்லிவிட்டு வந்து, மடிக்கணினியைச் சோபாவுக்கு முன்னால் வைத்தாள். செல்வமலர் குளித்துச் சீலை உடுத்திக்கொண்டு இருந்தாள். யாராவது எழும்பி எதிர்ப்பார்கள், குறைந்தது ஏன் என்றாவது கேட்பார்கள் என்று ஒரு நப்பாசை. பெரிய மண்டபம், சிவப்பு இருக்கைகள், பாதிக்குமேல் காலி. ஒரு வயோதிபர் எழுந்து, காலாவதியான சட்டங்களைக் களைவது வீடு துப்புரவு செய்வது போல என்று ஏதோ பகிடி விட்டார். நாலு பேர் சிரித்தார்கள். பட்டியலில் முந்நூறு சட்டங்கள். ஒன்றின் பெயரையும் வாசிக்கவில்லை.

"எங்கட எது?" என்று செல்வமலர் கேட்டாள்.

"இரண்டாம் அட்டவணையில், நூற்றுநாற்பதாவது. எழுத்தில் இருக்கிறது அம்மா, வாசிக்க மாட்டார்கள்."

"எதிர்க்கிற ஆக்கள்?"

"யாரும் இல்லை."

ஏழு நிமிடத்தில் முடிந்தது. குலேந்திரன் எழுந்துபோய் எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டார். செல்வமலருக்குச் சீலையை மாற்ற எழும்பவும் மனம் வரவில்லை. அப்படியே பொழுதுபடும் வரை இருந்தாள்.

அடுத்த வருடம் ஊராட்சியிலிருந்து ஓர் அறிவித்தல் வந்தது. நிலத்தின் கீழ் உள்ளவை அப்படியே விடப்படும். மேலே தார் போடப்படும். பழைய கற்களை மதிலோரம் சாத்தி வைப்பார்கள். ஒரு கல்லை மட்டும் அப்படி வைக்க முடியாதாம். அதில் பெயர் எழுதப்பட்டவர் உயிரோடு இருப்பதால், அது பொதுப்பார்வையில் இருப்பது முறையல்ல. பெயருக்கு உரியவர் விரும்பினால் கல்லை அவருடைய வீட்டுக்கே அனுப்பிவைக்கிறோம்.

"வேண்டாம் எண்டால் உடைச்சுப்போடுவாங்கள்" என்றார் குலேந்திரன். "வரட்டும்."

இப்படியாக, இரண்டாயிரத்து இருபத்தைந்து ஐப்பசியில் குலேந்திரனின் கல்லறைக் கல் ஹ்விடோவ்ரேக்கு வந்தது. அனுப்புசீட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டவர் குலேந்திரன்தான். களஞ்சியத்திலிருந்து தள்ளுவண்டி இரவல் வாங்கி வந்து, மின்தூக்கியில் ஏற்ற முடியாமல், நிலவறையில் அவர்களுடைய சாமான் அறைக்குள் வைத்தார். ஒரு பக்கம் மிதுஷாவின் பழைய சைக்கிள், மற்றப் பக்கம் சூட்கேசுகள்.

கார்த்திகையில் அண்ணனின் நாள் வந்தது. அந்த வருடம் விமானச் சீட்டு எடுக்கவில்லை. போய் எந்தக் காரின் கீழே என்று தேடுவது? செல்வமலர் கடையில் செவ்வந்தி வாங்கிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள். குலேந்திரன் வேலைக்குப் போயிருந்தார். மங்கலான குழல் விளக்கு. பழக்கத்தில் கை தானாகப் போய்ப் பூக்களைப் பெயரின் மேல் பரப்பியது. பரப்பிவிட்டுக் கீழே பார்த்தாள். சீமெந்துத் தரை. ஈரமில்லை, புல்லில்லை, அண்ணன் இல்லை.

பூக்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். புருசனின் பெயர் வெளியே வந்தது. இனி அதைப் பார்த்தால் என்ன, பாராவிட்டால் என்ன. நாற்பது வருடம் ஒளித்து வைத்திருந்த சொல் வாய்க்கு வந்தது. "அண்ணா" என்று ஒருதரம் கூப்பிட்டாள். அதன் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. கல்லில் தலையை வைத்துக்கொண்டு, ஊரில் பெண்கள் அழுவது போல, வாய்விட்டு, சத்தமாக, பெயர் சொல்லி அழுதாள். அங்கே போய்வந்த இத்தனை வருடத்திலும் ஒருநாளும் அழாத அழுகை அது.

வாசலில் நிழல் விழுந்தது. உடுப்புத் தோய்க்க இறங்கி வந்த கீர்ஸ்டன், கையில் கூடையோடு நின்றாள். அழுகிற பெண்ணைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். கதவில் தினமும் எழுத்துக்கூட்டி வாசிக்கிற பெயர் அதில் வெட்டப்பட்டிருந்தது. அவளுடைய கையிலிருந்த கூடை மெல்லக் கீழே இறங்கியது.

"ஐயோ, செல்வமலர்" என்றாள் டேனிஷில். "எனக்குத் தெரியாதே. முந்தாநாள்கூடப் படியில் எனக்கு வணக்கம் சொன்னாரே." அவள் சீமெந்துத் தரையில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, செல்வமலரின் தோளைக் கட்டிக்கொண்டாள். "உன் இழப்புக்காக நான் மிகவும் வருந்துகிறேன். எவ்வளவு நல்ல மனிதர். நோயாக இருந்தாரா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். அவர் சாகவில்லை, நாலு மணிக்கு வந்துவிடுவார் என்று சொல்ல வேண்டும். செல்வமலர் வாயைத் திறந்தாள். அந்தக் கிழவியின் கை அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தது. சோதி செத்த நாளிலிருந்து அவனுக்காக ஒருவரும் அவளை அப்படித் தொட்டது கிடையாது.

"சளிக்காய்ச்சல்" என்றாள். "நெஞ்சில் இறங்கிவிட்டது. கப்பலில் வரும்போது."

கீர்ஸ்டனுக்கு அது விளங்கியிருக்காது. ஆனாலும் தலையை ஆட்டினாள், தானும் அழுதாள். செல்வமலர் அவளுக்கு நன்றி சொன்னாள்.